சம்பந்தி மெச்சிய வடச்சட்டி

இன்னொரு முட்டையும் வடச்சட்டியிலேயே குடியேறிவிட்டது. ரங்கராஜ் கரண்டியால் சுரண்டினார். மஞ்சள் கரு வந்தது, வெள்ளை வரமாட்டேன் என்றது.

"ஏனுங்க, ஞாயித்துக்கிழமை சம்பந்தி வந்து உக்காந்ததுக்கப்புறமும் இப்படியே சொரண்டிட்டு நிப்பீங்களா?" என்றாள் அவர் மனைவி ராமாமணி.

"அதுக்குள்ள சட்டியைப் பழக்கிப்போடுவேன் அம்மணி."

வினை நிச்சயதார்த்தத்தன்று ஆரம்பித்தது. மகன் வம்சிக்குப் பெண் கொடுக்கும் நரசிம்மலு சோமனூரில் தறி ஓட்டுபவர். தட்டு மாற்றிய கையோடு, "எங்கூட்டுல நான்ஸ்டிக்கே கிடையாதுங்க. ஸ்டீல் வடச்சட்டிதான். நானே கோழி வறுப்பேன், ஒரு துண்டு ஒட்டாதுங்க" என்று மீசையைத் தடவினார்.

பீளமேட்டில் பம்ப் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் மேனேஜர் ரங்கராஜ். இரும்பைப் பற்றி இன்னொருவர் பெருமையடிப்பதைக் கேட்டுக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியுமா?

"நம்மூட்டுலயும் அதேதானுங்க. சாப்பிட வாங்க, நானே வறுத்துப் போடறேன்" என்று சொல்லிவிட்டார். மறுநாள்தான் கடைக்குப் போய் கார்பன் ஸ்டீல் வடச்சட்டி ஒன்றை வாங்கினார். முதல் விருந்திலேயே வாய்ச்சவடால் என்று பெயர் வாங்கிவிட்டால், அப்புறம் காலத்துக்கும் சம்பந்தி முன்னால் தலை நிமிர முடியாது.

"தோசைக்கல்லுப் பழக்கற மாதிரி, எண்ணெயை லேசாத் தடவிக் காய வைங்க" என்றாள் ராமாமணி.

"லேசா எதுக்கு? கோட்டிங்னா கனமா இருக்கோணும்."

கனமாகவே ஊற்றினார். வீடு முழுக்கப் புகை. ஆறிய பிறகு பார்த்தால் சட்டி முழுக்கப் பிசின். துடைக்கப் போன துணி திரும்பி வரவில்லை.

"முட்டைதான் ஒட்டுச்சு, இப்பத் துணியும் ஒட்டுதுங்க" என்றாள் ராமாமணி.

ரங்கராஜ் யோசித்தார். ஒட்டுவதற்குக் காரணம் சொரசொரப்பு என்று முடிவு கட்டினார். சட்டியைக் கம்பெனிக்குக் கொண்டுபோய் பஃபிங் சக்கரத்தில் கொடுத்து, கண்ணாடி மாதிரி பளபளவென்று தேய்த்து வாங்கிவந்தார். தன் முகத்தை அதில் பார்த்துத் தலைகூட வாரிக்கொண்டார். ஆனால் முட்டை ஊற்றியபோது, முன்பு ஓரத்திலாவது பெயர்ந்துகொண்டிருந்தது இப்போது எங்கேயும் பெயரவில்லை.

வேறு வழியில்லாமல் மனைவி சொன்னபடியே செய்தார். எண்ணெயை லேசாகத் தடவினார், காயவைத்தார், துடைத்தார், மறுபடியும் தடவினார். சட்டி மெல்ல மெல்லக் கறுத்தது. சனிக்கிழமை காலையில் ஊற்றிய முட்டை சட்டிக்குள் வழுக்கிக்கொண்டு ஓடியது!

ரங்கராஜுக்குப் பெருமை தாங்கவில்லை. வெளியூரில் இருந்த வம்சியை வீடியோ காலில் கூப்பிட்டு முட்டையை ஓடவிட்டுக் காட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"மத்தியானத்துக்கு இதுலயே ஒரு கத்திரிக்கா புளிக்கொழம்பு வெச்சுப்போடலாம்."

"புளி வேண்டாமுங்க. பழக்குனதெல்லாம் போயிரும்."

"ஸ்டீலைப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா?"

குழம்பு நன்றாகக் கொதித்தது. சட்டியில் இருந்த கறுப்பெல்லாம் குழம்புக்கு வந்துவிட்டது. சட்டி வெளுத்துப் போயிருந்தது. அன்று இருவரும் தயிர்ச்சோறு சாப்பிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சட்டியில் போட்ட கோழி முதல் நிமிஷமே அடியைப் பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து போன் வந்தது.

"கருமத்தம்பட்டி தாண்டிட்டோமுங்க சம்பந்தி! வடச்சட்டியைப் பார்க்கத்தான் வாரேன்!"

ரங்கராஜ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். ராமாமணி பரணிலிருந்து பழைய நான்ஸ்டிக் சட்டியை இறக்கினாள்.

"இதை யாருக்காச்சும் குடுத்துப்போடச் சொன்னனே?"

"உங்களைக் கட்டிக்கிட்டு எத்தனை வருசமாச்சுங்க, எனக்குத் தெரியாதா?"

மிச்சக் கோழியை நான்ஸ்டிக்கில் வறுத்து, ஸ்டீல் சட்டியைச் சுரண்டிக் கழுவி அதில் கொட்டி, மேலே கறிவேப்பிலை தூவினார்கள். நான்ஸ்டிக் சட்டி கிரைண்டருக்குப் பின்னால் போனது.

நரசிம்மலு ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினார்.

"அடடா! இந்த மணம் நான்ஸ்டிக்ல வருமுங்களா?"

"எங்கீங்க வரும்!" என்றார் ரங்கராஜ். சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்தது. பொய்ப் பெருமைதான், ஆனாலும் இனித்தது.

"ஒரு முட்டை ஊத்திக் காட்டுங்க சம்பந்தி, பார்ப்போம்."

ரங்கராஜ் கரண்டியை அவரிடமே நீட்டினார். "ஐயோ, பெரியவங்க நீங்க இருக்கீங்க. நீங்களே ஊத்திக் காட்டுங்க."

நரசிம்மலுவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. "வகுறு நெறஞ்சுபோச்சுங்க. இன்னொரு நாளைக்குப் பார்த்துக்கலாம்."

தப்பித்தோம் என்று ரங்கராஜ் காலித் தட்டுகளோடு சமையலறைக்குள் நுழைந்தார். உள்ளே நரசிம்மலுவின் மனைவி வெங்கடம்மாள் நின்றிருந்தார். தண்ணீர் குடிக்க வந்தவர், கிரைண்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்திருக்கிறார். கையில் நான்ஸ்டிக் சட்டி. அதில் மசாலா இன்னும் காயவில்லை.

ரங்கராஜ் தட்டுகளோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டார். வெங்கடம்மாள் கூடத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சட்டியை இருந்த இடத்திலேயே பதனமாக வைத்தார்.

"பயப்படாதீங்க அண்ணா. எங்கூட்டுல அவரு இதே மாதிரி ஒண்ணை பீரோவுக்குள்ள, பட்டு வேட்டிக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்காருங்க."