நைனா பார்த்த ஆடிக் கிருத்திகை

பேய், பாம்பு, மாமியார் எதற்கும் நான் பயந்ததில்லை. கணினித் திரையின் ஓரத்தில் தெரியும் தேதியைப் பார்த்தால் மட்டும் இன்றைக்கும் பயம்தான்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம். ஆறு மாதம் ஒழுங்காக ஓட்டினால்தான் வேலை நிரந்தரம். திருத்தணி வீட்டில் உட்கார்ந்துகொண்டு, சென்னையில் இருக்கும் சர்வருக்கு என் லேப்டாப்பிலிருந்து கட்டளை அனுப்புவேன். (தெருவில் எல்லோரிடமும், "மெட்ராஸ் மெஷின் என் பேச்சைத்தான் கேக்கும்" என்று அளந்து வைத்திருந்தேன்.) ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் அறிக்கைகள் அத்தனையும் அந்தச் சர்வரில்தான் இருந்தன.

அன்று காலை, ஓராண்டுக்கு மேல் பழையதான அறிக்கைகளை நீக்க வேண்டும். சர்வரோடு இணைப்பைத் திறந்து வைத்துவிட்டு, காபி போடப் போனேன். திரும்பி வந்து, 'இன்றிலிருந்து ஓராண்டுக்கு முந்தையதை நீக்கு' என்கிற கட்டளையைத் தட்டினேன். அழியும் கோப்புகளின் பெயர்கள் ஓடின. நிற்கவே இல்லை. கடைசியில் நின்ற பெயர், அன்று காலை வந்த ஒருவருடைய அறிக்கை.

திரையின் ஓரத்தைப் பார்த்தேன். நாங்கள் சித்திரையில் இருந்தோம். லேப்டாப் அடுத்த வருஷத்து ஆடிக்குப் போயிருந்தது.

"நைனா! இதைத் தொட்டியா?" என்று அப்பாவைப் பார்த்துக் கத்தினேன்.

"ஆங். அடுத்த வருசம் கிருத்திகை என்னா கெழமைல வருதுன்னு பாத்துகினு இருந்தேன். ஞாயித்துக்கெழமைம்மா! உங்க அத்தை கும்பலு மொத்தமும் காவடியோட வந்து எறங்கிடும். ஓகேன்னு கேட்டுச்சு, அமுக்கினேன்."

நைனாவைத் திட்டி என்ன பயன்? 'இன்று' என்ன தேதி என்று சர்வரையே பார்க்கச் சொல்லி நான் எழுதியிருக்க வேண்டும். நான் எழுதிய லட்சணத்தில், என் லேப்டாப்பே கணக்குப் போட்டு, வெறும் தேதியை அங்கே அனுப்பிவிட்டது. சர்வர் பாவம், சொன்னதைச் செய்தது.

என் டீம் லீட் மேடத்தைப் போனில் கூப்பிட்டேன்.

"மேடம், போயிடுச்சு."

"எது?"

"எல்லாமே."

"கீபோர்டுலேர்ந்து கையை எடு. எழுந்து போ. நானே கூப்பிடுறேன்."

நான்கு மணி நேரம். வேலை போய்விடும், போலீஸ் வரும், யாருக்கோ சர்க்கரை அளவு தெரியாமல் மருந்து மாறிவிடும் என்று என்னென்னவோ தோன்றியது. ஜன்னலில் மலை தெரிந்தது. முருகா, காப்பாத்து, மொட்டை போட்டுக்கறேன் என்று அழுதேன்.

மதியம் மேடம் கூப்பிட்டார். முந்தின நாள் எடுத்த பேக்கப்பிலிருந்து எல்லாம் திரும்பிவிட்டன. அன்று காலை வந்த ஏழு பேர் மட்டும் ரத்தம் கொடுக்க மறுபடி ஊசி குத்திக்கொண்டார்களாம். எனக்கு வேலை நிரந்தரமாவது இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போனது.

மொட்டை போட்ட வாரத்தில்தான் ஆபீஸ் அடையாள அட்டைக்குப் படம் கேட்டார்கள். அது இன்னும் மாறவில்லை. அடுத்த வருஷம் அத்தை கும்பல் பதினாறு பேராக வந்து இறங்கி, அந்த அட்டையைக் கைமாற்றிக் கைமாற்றிச் சிரித்தது. இப்போதும் நான் போனில், "இன்னிக்கு ஊருக்கு வரேன் நைனா" என்றால், அவர் விடுவதில்லை.

"எந்த மெஷினு இன்னிக்கும்மா? உன்துதா, மெட்ராஸ்துதா?"