ஒரு வண்டிச் சீலா

மீனில் சீலா என்று ஒன்று இருப்பதே எனக்கு இருபத்திரண்டு வயது வரை தெரியாது. சைவப் பிள்ளைக்கு இது தெரியாததில் என்ன வெட்கம் என்று கேட்பீர்கள். தெரிந்துகொண்ட விதத்தில்தான் வெட்கம்.

மறுநாள் காலை தச்சநல்லூரில் என் அண்ணனுக்குக் கல்யாணம். மாமா வாங்கி வைத்திருந்த கூறைச் சீலையை நாங்குநேரியிலிருந்து எடுத்து வருவது என் பொறுப்பு. (இதைக்கூடவா செய்ய மாட்டான் என்று நம்பி அனுப்பினார்கள். பாவம்.) வில்வண்டி விடியலில் போய்விட்டது; நான் எழுந்திருக்கவில்லை. போதாக்குறைக்கு நல்ல தடுமன். மூக்கு இரண்டும் அடைத்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு ரஸ்தாவில் நின்றேன்.

ஒரு பார வண்டி வந்தது. ஓட்டி வந்தவள் ஒரு பெண். உவரிக்காரி, கழுத்தில் சிலுவை, பெயர் அந்தோணியம்மாள். வண்டி நிறையப் பனையோலைச் சிப்பங்கள்.

"என்ன பாரம்க்கா?"

"சீலா."

என் காதில் சீலை என்று விழுந்தது. "நல்லதாப் போச்சு! எங்கிட்டயும் அதான் இருக்கு" என்று மூட்டையைக் காட்டினேன்.

"எத்தன?"

"ஒண்ணுதான். ஆனா பதினாறு முழம்."

அவள் மூட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எங்க கடல்ல அம்புட்டு நீளம் கெடையாதே!" (கடற்கரைக்காரர்கள் எதற்கும் கடலை இழுப்பார்கள் போலும்.) "நெத்தி நெறைய துன்னூறு பூசியிருக்கீக. இதுமேல உக்காந்து வர ஒங்களுக்கு ஆகுமா?"

"இதுல சைவக்காரன் என்னக்கா, வேதக்காரன் என்ன?" என்றேன் பெருந்தன்மையாக. மரியாதையோடு இடம் விட்டாள்.

மூட்டையை இரண்டு சிப்பங்களுக்கு நடுவே பத்திரமாகச் செருகிவிட்டு மல்லாந்து படுத்தேன். பனைமரங்களின் தலைகள் ஒவ்வொன்றாக என்னை எட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் போயின. வண்டி நிற்கிறது, வானம்தான் பைய நகர்கிறது என்று தோன்றியது. மாட்டுச் சலங்கை தூரத்துக் கல்யாணம்போலக் கேட்டது. அதில் நான்தான் மாப்பிள்ளை. பெண் ஒரு மேகம். முகம் மட்டும் தெரியவில்லை.

"பொம்பளைக்கு எதுக்குக்கா பார வண்டி? வில்வண்டி ஓட்டலாம்லா?" என்றேன், அரைத் தூக்கத்தில்.

"தலைச்சுமடா கொண்டாந்த காலத்துல, கழுத்து ஒடிஞ்சது எனக்கு, வெல சொன்னது ஏவாரி. இப்ப வெல படியலன்னா மாட்டத் தட்டி அடுத்த சந்தைக்குப் போயிருவேன். எங்க ஊர்ல மூணு பொம்பள இப்படி ஓட்டுதோம்."

"வில்வண்டி?"

"அதுல ஆளு ஏறும். ஏறுன ஆளு அங்கன போ, இங்கன நிறுத்தும்பான். பாரம் வாயத் தொறக்காது. இன்னைக்குத்தான் தொறக்குது."

நான் வாயை மூடித் தூங்கினேன். வண்ணார்பேட்டையில், ஆற்றுப் பாலத்தருகே எழுப்பி இறக்கிவிட்டாள். சாயங்கால வெயிலில் ஆறு பொன்னாய் ஓடியது. கனவு கலையாமலே பாலம் கடந்து பெண் வீடு சேர்ந்தேன்.

மூட்டையைப் பிரித்த பெண்கள் அலறிக்கொண்டு எழுந்தார்கள்.

"சைவ வீட்டுலல்லா சம்மந்தம் பேசினேன்!" பெண்ணின் அப்பா என் அப்பாவிடம் இரைந்தார். "இந்தக் கல்யாணம் வேண்டாம். நிறுத்துங்க!"

"எதுலலே வந்த?" என்றார் என் அப்பா.

"சீலை வண்டியிலப்பா. உவரியிலருந்து வந்துது..."

தவில்காரர் சிரித்தேவிட்டார். "உவரியில ஏது வே சீலை? அது சீலாக் கருவாடு!"

யாரும் மூச்சு விடவில்லை. (விடவும் முடியாது.) அண்ணன் வெளிறிப்போய்த் தூணோடு தூணாக நின்றான். அப்போது உள்ளேயிருந்து கல்யாணப் பெண்ணின் குரல் வந்தது: "அலசுனா போயிரும். கல்யாணம் நடக்கட்டும்ப்பா."

பெண்கள் ஆற்றுக்கு ஓடி அலசினார்கள். சந்தனத்தை அள்ளிப் பூசினார்கள். காலையில் அது சந்தனக் கருவாடாக மணவறை ஏறியது. குருக்கள் துண்டால் மூக்கைப் பொத்தியபடி மந்திரம் சொன்னார். தாலி ஏறியதும் பெண் தேம்பித் தேம்பி அழுதாள். நான் பந்தலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் புதுச் சீலை வந்தால், கரையைப் பார்க்குமுன் மோந்து பார்ப்பார்கள்.

மறு வாரம் மதினியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "அந்த வாடையால ஒங்கள மணவறையில அழ வச்சிட்டேன் மதினி."

"வாடைக்கு யாரு அழுதா?" என்றாள். "ஒங்க அண்ணனக் கட்டுனா ஒங்களயும் சேத்துல்லா சாகுத மட்டும் பாக்கணும். அத நெனச்சு அழுதேன்."