தலையில்லாத நிச்சயதார்த்தம்

எனக்குத் தெரியாத வேலை உலகத்தில் இல்லை. இதை நானே சொல்லக் கூடாதுதான். வேறு யாரும் சொல்வதில்லை என்பதால் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன், ஜவ்வாது மலைப் புளியைத் திருப்பத்தூர் மண்டியில் விற்றே மாடி வீடு கட்டி, சுவர் அகலத்துக்கு டிவி மாட்டினேன். அந்த டிவிதான் என் மானத்தை வாங்கியது.

மகள் நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு ஒரு புகார் வந்தது. எங்கள் பக்கம், முதல் தாம்பூலத் தட்டு மாப்பிள்ளையின் தாய்மாமனுக்குத்தான். அந்தத் தாய்மாமன் சின்னசாமி, “எனக்குத் தட்டே வரல. கல்யாணத்துக்கு வரமாட்டேன்” என்று முறுக்கிக்கொண்டார். அவர் வராமல் தாலி ஏறாது. மகள் சாப்பாட்டைத் தொடவில்லை.

“என் கையால குடுத்தேன். பொண்டாட்டி செல்போன்ல புடிச்சு வெச்சிருக்கா. வூட்டுக்கு வாங்க, டிவியிலயே காட்டறேன்” என்றேன். (அதுவரை யாரும் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. கொடுத்தவனே சொல்லும்போது பார்ப்பானேன்?)

செல்போனில் இருந்த படத்தை டிவி ஏற்க மறுத்தது. செல்போன் கடைக்காரர், படத்தை டிவிக்குத் தகுந்தபடி மாற்ற ஒரு ஆப் போட்டுக் கொடுத்தார். அதில் இரண்டு மாதிரி காட்டியது. ஒன்றில் இரு பக்கமும் கறுப்புப் பட்டை. மற்றதில் திரை முழுக்கப் படம். முழு டிவிக்கும் காசு கொடுத்தவன் ஓரத்தைச் சும்மா விடுவேனா? முழுக்க நிரப்பினேன். மாற்றி முடித்ததும் பழைய படத்தை அழித்தேன். கொட்டை எடுத்த பிறகு, கொட்டைப் புளி என்று தனியாக ஒன்று மிஞ்சுமா என்ன?

சம்பந்தி வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். படம் ஓடியது. பாயில் பழத்தட்டுகள் பளிச்சென்று தெரிந்தன.

“பாத்தீங்களா, வயரே இல்லாம வருது” என்றேன்.

பிறகு படத்தில் ஆட்கள் எழுந்து நின்றார்கள். நெஞ்சுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே. திரை முழுக்க வயிறுகள்.

“தலைங்கெல்லாம் எங்க?” என்றார் சின்னசாமி.

“நான் ஒழுங்காத்தாங்க புடிச்சேன். ஆளுங்க நின்னாங்க, செல்லையும் நிக்க வெச்சேன்” என்றாள் என் மனைவி.

“பழசப் போடுங்கண்ணா” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. அழித்த கதையைச் சொன்னேன். மகள் தலையில் கை வைத்தாள்.

அதற்குள் திரையில் என் மோதிரக் கை தட்டோடு நீண்டது. “வாங்கிக்குங்க மாமா” என்றது என் குரல். வாங்கியது ஒரு பெரிய தொந்தி. பச்சை பெல்ட், மஞ்சள் கறை படிந்த துண்டு. சின்னசாமியோ புளியம் விளார் மாதிரி இருப்பார்.

தொந்தி பேசியது: “அண்ணா, சாம்பார எறக்கிட்டேன். பந்தி போட்டுடலாமா?”

“ரொம்ப சந்தோஷம் மாமா” என்றது என் குரல்.

செங்கத்துச் சமையல்காரர். நான் மனைவியின் செல்போனைப் பார்த்துச் சிரித்தபடியே, பக்கத்தில் வந்து நின்றவரிடம் தட்டை நீட்டியிருக்கிறேன்.

சின்னசாமி என்னைப் பார்த்தார்.

“கல்யாணத்துக்கு அவரு வர்றாரா?”

“சமையலே அவருதாங்க.”

“அப்ப நானும் வர்றேன். யாரு தாய்மாமன்னு நாங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்கறோம்.”

முதலில் சிரித்தது மகள்தான். ஓடிப்போய்த் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொண்டுவந்தாள். இந்த முறை சின்னசாமியின் முகத்தை நன்றாகப் பார்த்துக் கொடுத்தேன். கல்யாணம் குறையில்லாமல் நடந்தது.

இன்றும் நான் யாருக்காவது காபித் தம்ளரை நீட்டினால், “மொதல்ல மூஞ்சியப் பாருப்பா” என்கிறாள் மகள். அதையாவது தாங்கலாம். செங்கம் சந்தையில் அந்தச் சமையல்காரர் அத்தனை பேர் நடுவிலும், “இன்னா மாப்ள, சௌக்கியமா?” என்கிறார்.

“சௌக்கியம் மாமா” என்கிறேன். வேறு வழி? முதல் தட்டு வாங்கியவர் அவர்தானே.