மாட்டு ஈ கடித்ததற்கு நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாமாவுக்கு,

வணக்கம். கால் வீக்கம் தவிர நான் நலம். உங்கள் நலமும் அத்தை நலமும் அறிய ஆவல். போனில் உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு ‘சரி மாமா’ தவிர வேறு பேச்சு வராது. நேற்றும் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். டாக்டரிடம் மன்னிப்புக் கேள் என்று நீங்கள் சொன்னது சரியில்லை மாமா.

அன்றைய கோல்ஃப் ஆட்டத்தின் கடைசிக் குழியில் நான் முதலில் பார்த்தது ஈயைத்தான். பல் டாக்டரின் பிடரியில், காலருக்கு மேலே, ஒரு மாட்டு ஈ வந்து உட்கார்ந்து, பந்தியில் இலை போட்டதும் தயாராகிறவரைப் போலக் கையைத் தேய்த்துக்கொண்டது. பந்து குழிக்குப் பக்கத்தில் கிடந்தது. லேசாகத் தட்டினால் போதும், கோப்பை அவருக்கு. எதிர்த்து ஆடியவர் அவருடைய சொந்த மச்சான். பை தூக்குவதுதானே என் வேலை, நான் டாக்டரின் மட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன்.

ஈயைப் பார்த்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டீர்கள். காலையிலிருந்து திறந்துகொண்டுதான் இருந்தேன் மாமா. இந்த வெயிலில் குளம் வற்றிச் சேறாகி, அங்கிருந்த கொசுவெல்லாம் புல்வெளிக்குக் குடிவந்துவிட்டது, முதல் குழியிலேயே ஒன்று என் முழங்காலில் கடிக்க நான் பட்டென்று அடித்தேன், மட்டையை ஓங்கிய டாக்டர் அப்படியே நின்று “நான் அடிக்கும்போது நீ என்னத்துக்கு அடிக்கிற?” என்றார், சரியென்று அடுத்த தடவை சொறிந்தேன், “சொறியிற சத்தம் காதுல விழுது” என்றார், பிறகு பையை வைக்கச் சொல்லி அவர் காட்டிய இடம் எறும்புப் புற்று, நான் குதித்ததற்கு “இது என்ன டான்ஸ் கிளாஸா?” என்றார், அவர் பூசியிருந்த சென்ட்டுக்கு ஈயெல்லாம் அவரையே சுற்றுகிறதே என்று பாவப்பட்டு “சார், ஈ” என்று சொன்னதற்கு, “நான் மட்டையத் தூக்கினா நீ மரம். மரம் பேசுமா?” என்றார். பேசாது. அதற்குப் பிறகு நான் மரம்.

ஈ கடித்தது. மட்டை துள்ளியது. பந்து குழியைத் தாண்டிச் சரிவில் உருண்டு சேற்றுக்குள் போய்ப் புதைந்துகொண்டது.

“பாத்துட்டு சும்மாவா நின்ன?” என்று எல்லார் முன்னாலும் கத்தினார்.

“மரம் வேற என்ன பண்ணும் மச்சான்?” என்று மச்சான் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்குத்தான் எனக்குத் தண்டனை. “டாக்டர்கிட்ட மன்னிப்புக் கேளு, இல்லன்னா திங்கக்கிழமையிலேருந்து வராத” என்கிறார் சூப்பர்வைசர். உங்களுக்காகத்தான் இந்த வேலையே கொடுத்தார்கள், தெரியும். வகுப்பில் எழுந்து பேசப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு வேறு வேலை சுலபத்தில் கிடைக்காது, அதுவும் தெரியும். இது போனால் உங்கள் வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்க வேண்டும். தேய்க்கிறேன். கடித்தது ஈ, மன்னிப்பையும் அதுவே கேட்கட்டும். நாளைக் காலை பஸ்ஸில் வருகிறேன்.

அத்தைக்கு என் வணக்கம், குட்டிப்பயலுக்கு முத்தம். எல்லாப் பூச்சிகளிடமிருந்தும் கடவுள் உங்கள் குடும்பத்தைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
இந்த ஒரு தடவை மட்டும் உங்கள் பேச்சைக் கேட்காத மருமகள்.

பின்குறிப்பு: பஸ் நிலையத்துக்கு வர வேண்டாம் மாமா. கவரை ஒட்டப் போன நேரத்தில் பல் டாக்டரே பை வைக்கிற ஷெட்டுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை மச்சானோடு மறுபடியும் ஆட்டமாம். இன்றைக்குப் பை தூக்கக் கூட்டிப்போன ஆள் கொசு அடிக்கிறேன் என்று ஆட்டம் முழுக்கக் கைதட்டிக்கொண்டே இருந்தானாம்.

“உன்ன மாதிரி அசையாம நிக்க ஒருத்தனுக்கும் தெரியல. நீயே வந்துடு” என்றார்.

“வரேன் சார்” என்றேன் தரையைப் பார்த்தபடி. “முதல்ல நீங்க சாரி சொல்லணும்.”

“நானா? எதுக்கு?”

“எல்லார் முன்னாடியும் கத்தினதுக்கு.”

வாயைத் திறந்தார், மூடினார். இத்தனை நாள் மற்றவர்களை அப்படிச் செய்யச் சொன்னவர். இன்னும் வாசலில்தான் நிற்கிறார், கொசு பிடுங்குகிறது. நான் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.