கிளட்ச்சில் புகுந்த காற்று

கிளட்ச் லீவர் கெட்டிப்பட்டுவிட்டால் பெண்டாட்டி தனம் தன் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். அதனால் அது தொளதொளவென்று கிடந்ததில் பஞ்சநாதனுக்கு உள்ளூரக் குஷி.

கடலூர் முதுநகரில் மெக்கானிக் பட்டறை வைத்திருப்பவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை. ஆனால் இந்த மோட்டார் சைக்கிள் வேறு ரகம். ஊரைக் காலி செய்த வெளிநாட்டுக்காரனிடம் புதுச்சேரியில் வாங்கியது. கிளட்ச்சுக்குக் கேபிள் கிடையாது, எண்ணெய் அழுத்தம்தான். போன வாரம் சிதம்பரத்தில் கொழுந்தியாளுக்கு வளைகாப்பு. பெண்டாட்டியைக் கூட்டிப் போகாமல், கூட்டாளிகளோடு பிச்சாவரத்துக்குப் படகேறப் போய்விட்டான் பாவி. வரும் வழியில் கிளட்ச்சுக்கு எண்ணெய் கொண்டுபோகிற ஹோஸ் வெடித்து, இருட்டிய பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவனிடம் தனம் வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

"எந்த வண்டியில என்னெ உட்டுட்டுப் போனீங்களோ, அதே வண்டியில கொண்டு போயி எங்கம்மா வூட்டுல உடுங்க. பஸ்ஸுல போனா நானா ஓடியாந்ததா பேசுவாங்க."

அதோடு பேச்சை நிறுத்தினாள். 'தானே' புயல் கூரையைப் பிடுங்கிய ராத்திரிகூட அவள் வாய் இவ்வளவு நேரம் மூடிக் கிடந்ததில்லை.

இன்று புது ஹோஸ் மாட்டியாயிற்று. இனி உள்ளே சிக்கிய காற்றை எடுக்க வேண்டும். ஒருத்தர் லீவரை அமுக்கிப் பிடிக்க, இன்னொருத்தர் கீழே திருகைத் திறந்து, காற்றும் எண்ணெயும் குழாய் வழியே பாட்டிலுக்குள் வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகுதான் லீவரை விடலாம். முந்திவிட்டால் திருகின் இடுக்கு வழியே காற்று மறுபடி உள்ளே போய்விடும். பேசாமல் நடக்கிற வேலையா இது? தனம் துணிப்பையோடு வண்டிமேல் உட்கார்ந்தாள். பஞ்சநாதன் எஞ்சினுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்து குந்தினான். எதிர்வீட்டுப் படியில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த லோகநாயகி இருவருக்கும் தூதாக நடுவில் மாட்டிக்கொண்டாள்.

"அமுக்கச் சொல்லுக்கா."

"அமுக்குவியாம்."

"அமுக்கிட்டேன்னு சொல்லுக்கா."

"அமுக்கிட்டாளாம்பா."

கொஞ்ச நேரத்தில் குமிழி குறைந்தது போலிருந்தது. இப்படியே போனால் லீவர் கெட்டியாகிவிடும்; பஞ்சநாதன் விடுவானா? மூடுவதுபோல் பாவனை பண்ணி, குழாய் நுனியை எண்ணெய்க்கு மேலே தூக்கினான். சர்ரென்று காற்று உள்ளே ஏறியது. லீவர் பழையபடி தொளதொளத்ததாகத் தகவல் வந்தது. அவனும் உச்சுக்கொட்டினான்.

ஹேண்டில்பாரிலிருக்கும் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்ற எழுந்தபோது, திருட்டுக்கை தவறி டேங்க் மேல் கொட்டிவிட்டது. தனம் பதறிப் போய் முந்தானையால் துடைத்தாள். பெயிண்ட்டையே தின்கிற எண்ணெய் அது; டேங்கின் சிவப்பு அப்பளமாகப் பொரிந்து பாதி அவள் சேலையோடு வந்துவிட்டது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்.

"ஊருக்கெல்லாம் மெக்கானிக்காம். சொந்த வண்டியில காத்து எடுக்கத் தெரியலையான்னு கேளுக்கா."

லோகநாயகி கேட்கவே வேண்டியிருக்கவில்லை. பஞ்சநாதனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. போகிறவள் போகட்டும், தொழிலைக் குறை சொன்னால் பொறுக்க முடியுமா? குழாயைப் பாட்டிலின் அடிவரை இறக்கினான். தில்லை நடராசர் மேல் ஆணையாக, இந்தத் தடவை யோக்கியமாகத் திறந்து யோக்கியமாக மூடினான்.

லீவர் கெட்டியாகவில்லை.

வாஷரை மாற்றினான். திருகை இறுக்கினான். மிச்சமிருந்த எண்ணெய் மொத்தத்தையும் ஊற்றித் தீர்த்தான். குமிழி வந்துகொண்டேயிருந்தது. இதுவரை நடித்தவனுக்கு இப்போது நிஜமாகவே வியர்த்தது. கற்ற தொழில் கையை விட்டுப் போய்விட்டதோ என்று பயந்தே போனான்.

எழுந்து நின்று, ஒரு வாரத்துக்குப் பிறகு முதன்முறையாக அவளிடமே பேசினான்.

"தனம், என்னால முடியல. வா, பஸ்ஸுல ஏத்தி உடுறேன்."

தனத்தின் முகம் சுருங்கிவிட்டது. பையை மார்போடு பிடித்துக்கொண்டாள். வண்டியை விட்டு இறங்கவில்லை.

"பஸ்ஸுலயா?" என்றாள். பஞ்சநாதனுக்குச் சொன்ன வாயை அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

லோகநாயகி மீன் சட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"உங்களால என் நெத்திலி நாறிப்போச்சி. நீயாச்சும் நடுவுலதாம்பா குழாயைத் தூக்கிக் காத்தை உட்ட. அவ மொதத் தடவையிலேருந்தே நீ மூடறதுக்கு முன்னாடி லீவரை உட்டுகினு இருக்கறா."