வாலிலிருந்து அவிழும் முடிச்சு

மனிதர்களில் முடிச்சு ரகம் என்று ஒன்று உண்டு. அலுவலகத்துக்கு ஒருவர், குடும்பத்துக்கு ஒருவர் என்று பஞ்சமில்லாமல் வாய்த்திருக்கிறார்கள். 'முடியாது' என்று இவர்கள் சொல்லவே மாட்டார்கள். ஓடிவருகிற காரியத்தின் குறுக்கே சுருண்டு உட்கார்ந்து, "ஒரே ஒரு சின்ன சந்தேகம்" என்பார்கள். அவ்வளவுதான். காரியம் அங்கேயே நிற்கும். நின்று தாடி வளர்க்கும்.

இந்த ரகத்தின் முடிசூடா மன்னர் ஒரு வைரஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். பெற்றோர் வைத்த பெயர் என்னவோ, நிலைத்தது 'சின்னச் சந்தேகம்'. கூட்டம் முடிந்து எல்லோரும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளும் சமயம் பார்த்து விரலைத் தூக்குவார். தீயணைப்பு ஒத்திகை மணி அடித்தபோது, எந்த அறையில் தீ என்று கேட்டு மாடிப்படியை மறித்து நின்றவர். நிஜத் தீயாக இருந்திருந்தால் அதுவே அலுத்துப்போய்த் திரும்பியிருக்கும்.

அவர் எதை ஆராய்ந்தார் தெரியுமா? நம் செல்லுக்குள் நொதி ஒன்று இருக்கிறது, என்சைம் என்பார்கள். வேண்டாத ஆர்.என்.ஏ. இழையை முன்முனையில் பிடித்து நறுக் நறுக்கென்று தின்றுகொண்டே போகும். சில வைரஸ்களின் இழையோ நடுவில் தன்னையே வளையமாகச் சுற்றி முடிச்சிட்டுக்கொள்ளும். நொதி அதில் முட்டித் திணறி நின்றுவிடும். தப்பித்த மிச்சத்துண்டு செல்லின் காவலையே குழப்பிவிடும். பதினோரு வருடமாக இதை வியந்து வியந்து பார்த்தவர், யாரை வியக்கிறோம் என்று மட்டும் சந்தேகப்பட்டதில்லை.

ஒரு நாள் காலையில் ஃப்ரீசர் பழுதாகிச் சூடேறத் தொடங்கியது. உள்ளே ஓர் ஆராய்ச்சி மாணவியின் மூன்று வருட உழைப்பு, நானூறு குப்பிகள். மதியத்துக்குள் பக்கத்து அறை ஃப்ரீசருக்கு மாற்றாவிட்டால் அத்தனையும் வெறும் தண்ணீர். குப்பி ஓர் அடி நகர்ந்தாலும் ஃப்ரீசர் பொறுப்பாளரின் கையெழுத்து வேண்டும் என்பது அங்கே சட்டம். பொறுப்பாளர் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

முதல் படிவத்தில், பக்கத்து அறை என்றால் இடப்பக்கமா வலப்பக்கமா என்று கேட்டார். இரண்டாவதில், வெப்பமானி பொய் சொல்லவில்லை என்பதற்கு அத்தாட்சி கேட்டார். மூன்றாவதோடு அவள் மூச்சிரைக்க வந்தபோது, விருந்தினர்களிடம் தன் முடிச்சின் பெருமையை அளந்துகொண்டிருந்தார்.

"முன்னாடியிருந்து வந்தா அசையாது. ஆனா வைரஸோட நகலெடுக்கிற என்சைம் வால்பக்கமா வரும் பாருங்க, அதுக்கு மட்டும் பொலபொலன்னு அவிழ்ந்துடும்."

அவள் அப்படியே நின்றாள். கையிலிருந்த படிவத்தைக் கிழித்துவிட்டு, புதிதாக ஒன்று எழுதினாள்: குப்பிகள் எதையும் நகர்த்தக்கூடாது.

"சார், இதுல மட்டும் ஒரு கையெழுத்து."

படித்தார். புருவம் சுருண்டது. "ஏம்மா நகர்த்தக்கூடாது? ஒரே ஒரு சின்ன சந்தேகம்..."

"நகர்த்தவே கூடாது சார்."

"அதெப்படி? காரணமே எழுதலையே நீ."

பேனாவை எடுத்து, 'காரணம் போதாது. நகர்த்தலாம்' என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டார். ஓரத்தில் கேள்விக்குறி போட அவர் பென்சிலைத் தேடுவதற்குள் தாள் பறந்துவிட்டது.

நானூறும் பிழைத்தன. அன்று சாயங்காலம் தன் கண்டிப்பைப் பற்றி அவர் வீட்டில் ஒரு பாட்டம் பேசினார். மனைவி முகத்தில் சலனமே இல்லை. "புழுக்கமா இருந்தா இருக்கட்டும், அந்த ஜன்னலைத் திறந்துடாதீங்க" என்றாள். உடனே எழுந்துபோய்த் திறந்தார். நல்ல காற்று வந்தது.

நீங்கள் இந்த ரகம் இல்லைதான். அதனால் ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன்: இந்தக் கதையில் ஒரு வார்த்தையைக்கூட நம்பாதீர்கள்.

ஏன் நம்பக்கூடாது, ஒரே ஒரு சின்ன சந்தேகம் என்கிறீர்களா?

அதைத்தான் சொன்னேன்.