வட்டமா, முட்டையா?

போன வாரம் எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மாலதி அக்காவோட கணக்குப் பாடத்தைக் கம்ப்யூட்டர் வாசிக்கிற மாதிரி டைப் அடிச்சுக் கொடுக்கணும்.

மாலதி அக்கா எங்க தெரு. பார்வை கிடையாது. கம்ப்யூட்டர் வாசிக்கிறதைக் காதால கேட்டே எம்.எஸ்.சி. கணக்கு முடிச்சவிய. ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு பள்ளிக்கூடத்துல வேலைக்குக் கூப்பிட்டிருந்தாக. முதல்ல ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டணும்.

நான் ராஜபாளையத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். டைப்பிங்ல என்னைய அடிச்சுக்க ஆளில்லன்னு நானே சொல்லிக்கிடுவேன்.

ஆனா டைப் அடிக்கல. சோம்பல்பட்டு ஸ்கேன் பண்ணி அனுப்பிட்டேன்.

செத்த நேரத்துல அக்கா போன். கம்ப்யூட்டர் பக்கத்துக்குப் பக்கம் "படம், படம்"னு மட்டும் சொல்லுதாம். பாடம் கேட்டா கல்யாண ஆல்பமா அனுப்புறன்னு கேட்டாக.

சரின்னு உக்காந்து அடிச்சேன். இந்தத் தடவை வாசிச்சுச்சு. ஆனா முக்காலுக்கு 3/4னு அடிச்சிருந்தேனா, அதை "மார்ச் நாலு"ங்குது. அரை வந்தா "ஜனவரி ரெண்டு". ஒரு கணக்கு முடியுறதுக்குள்ள வருசமே முடிஞ்சிருச்சு. பொறவு அக்காவே போன்ல சொல்லிச் சொல்லித்தான் பின்னத்தையெல்லாம் சரி பண்ணுனேன்.

மிச்சம் இருந்தது படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் பின்னாடி ஒரு சின்னப் பெட்டி இருக்கு. அதுல விளக்கம் எழுதணும். ஸ்கிரீன்லயும் தெரியாது, பிரிண்ட்லயும் வராது. வாசிக்கிற சாப்ட்வேர் மட்டும் எடுத்துப் படிக்கும்.

முதல் படத்துக்கு ஒழுங்காத்தான் எழுதுனேன். போகப் போகப் பசி. இதை யாரு பாக்கப் போறான்னு என்னத்தையோ தட்டிவிட்டுட்டேன். அக்கா பஸ்ஸுக்குக் கிளம்பும்போதுதான் கொடுத்தேன். கேட்டுப் பாக்க அவியளுக்கு நேரமில்ல.

துணைக்கு நானும் போனேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைக. கடைசி பெஞ்சுல தாளாளரும் தலைமையாசிரியரும். பிள்ளைகளும் பாடத்தைக் கேக்கட்டும்னு அக்கா கம்ப்யூட்டர்ல ஸ்பீக்கரை மாட்டுனதும் நாந்தான், சத்தத்தைக் கூட்டி வச்சதும் நாந்தான்.

அந்தக் குரலுக்கு வெக்கம் மானம் கிடையாது. செய்தி வாசிக்கிற மாதிரி வாசிச்சுச்சு.

"படம். முக்கோணம். கொஞ்சம் சாஞ்சு கெடக்கு."

பிள்ளைக ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாக.

"படம். வட்டமா முட்டையா தெரியல."

தாளாளர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு.

"படம். எனக்கே விளங்கல. அக்கா பாத்துக்கிடும்."

நான் கதவைப் பாத்தேன். வெளிய போகணும்னா தாளாளரைத் தாண்டித்தான் போகணும்.

அக்கா பட்டனைத் தட்டிக் குரலை நிறுத்துனாக. வேலை போச்சுன்னு நெனைச்சேன். பொறவு அக்கா பிள்ளைக பக்கம் திரும்பி, "வட்டமா முட்டையான்னு கண்ணால பாக்காம எப்படிக் கண்டுபிடிப்பீக?"ன்னாக.

ஒரு பொம்பளப் பிள்ளை எந்திரிச்சு, நடுப்புள்ளியில இருந்து நூல் பிடிச்சா எல்லாப் பக்கமும் ஒரே நீளம் இருக்கணும்னுச்சு. நடுப்புள்ளி எங்க இருக்குன்னு மொதல்ல எப்படித் தெரியும்னு ஒருத்தன் மடக்குனான். அம்புட்டுத்தான், வகுப்பே ரெண்டாப் பிரிஞ்சு வாதாடுச்சு. மணி அடிச்ச பொறவும் ஒருத்தரும் எந்திரிக்கல.

தாளாளர் அங்கேயே வேலையை உறுதி பண்ணிட்டாரு.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அக்கா எங்கிட்டப் பேசல. பஸ்ஸுல உக்காந்ததும், "ஏலே, நெசமாவே அது என்ன படம்?"னு கேட்டாக.

வட்டந்தான்க்கா, பெருசாக்குறேன்னு நான் இழுத்த இழுப்புல முட்டையாயிருச்சுன்னேன். அப்பத்தான் சிரிச்சாக.

யாரு கண்ணுலயும் படாதுன்னு எழுதுறது, எல்லாரு காதுலயும் விழுந்துட்டுத்தான் அடங்கும்.